வெள்ளை மாளிகைப் பேயும் கானாடுகாத்தான் மாடிச் சத்தமும்

நீங்கள் ஒரே கேள்வியாகக் கேட்டிருந்தாலும் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அமெரிக்க வெள்ளை மாளிகையில் லிங்கனின் ஆவியைச் சர்ச்சிலும் நெதர்லாந்து அரசி வில்ஹெல்மினாவும் பார்த்ததாகவும், ஜப்பான் பிரதமர் இல்லத்துப் பேயைப் பற்றி அந்நாட்டு அரசே எழுத்தில் பதில் சொல்ல நேர்ந்ததாகவும் படித்திருக்கிறீர்கள். கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கும் உங்கள் ஐயா வீட்டில் இரவு நேரத்தில் மாடியில் யாரோ நடக்கிறார்கள் என்று காவலுக்கு இருப்பவர் சொல்கிறார். தை மாதத்தில் முன்னோர்களைக் கும்பிடும் படைப்புக்காகப் பங்காளிகள் எல்லோரும் குழந்தை குட்டிகளோடு வந்து தங்கவிருக்கும் நிலையில், அவ்வளவு பெரிய மனிதர்களே பார்த்திருக்கும்போது காவல்காரரின் பேச்சை எப்படித் தள்ளுவது என்பது உங்கள் கவலை. பெரியவர்களின் சாட்சியத்துக்குத் தனி எடை உண்டா என்பது முதல் கேள்வி. அந்த மாடியில் நடப்பது என்ன என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு உறுதியாகவே பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு வீட்டைப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது என்றாலும், எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லலாம்.

நான் படித்தது கட்டடப் பொறியியல். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் நெடுங்காலமாக இருக்கிறேன். பழைய மாளிகைகளைப் பற்றிய நூல்களும் கடிதங்களும் தொழிலுக்காகப் படிக்கத் தொடங்கிப் பிறகு ருசியாகிப் போனவை. இறந்தவர்கள் திரும்பி வருவார்களா மாட்டார்களா என்பதை உத்திரத்தையும் சுவரையும் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. அதற்கு என் படிப்பு போதாது, வேறு எந்தப் படிப்பு போதும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒரு கதை எப்போது, யார் கையால் முதலில் எழுதப்பட்டது என்று பார்க்கலாம். ஒரு சத்தம் வீட்டின் எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்றும் பார்க்கலாம். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

லிங்கன் வெள்ளை மாளிகையில் இறக்கவில்லை. 1865 ஏப்ரல் 14 இரவு ஃபோர்டு நாடக அரங்கில் சுடப்பட்டு, எதிர்ச்சாரியில் இருந்த ஒரு தங்கும் வீட்டில் மறுநாள் காலை உயிர் விட்டார். அவருடைய ஆவி உலவுவதாகச் சொல்லப்படும் லிங்கன் படுக்கையறையில் அவர் ஒருநாளும் படுத்ததில்லை. அவர் காலத்தில் அது அவருடைய அலுவலகம், அமைச்சரவை கூடிய இடம். அடிமைகள் விடுதலைப் பிரகடனத்தில் 1863 ஜனவரி 1 அன்று அவர் கையெழுத்திட்டது அங்கேதான். லிங்கன் பெயர் சொல்லும் கட்டிலையும் மற்ற சாமான்களையும் அந்த அறையில் கொண்டுவந்து போட்டது அதிபர் ட்ரூமன் காலத்தில், 1945-இல். அந்தக் கட்டில் லிங்கனின் மனைவி மேரி வாங்கியது. உண்மையில் அந்த மாளிகையில் இறந்த அதிபர்கள் இருவர்: 1841-இல் வில்லியம் ஹென்றி ஹாரிசன், 1850-இல் ஸக்கரி டெய்லர். லிங்கனின் மகன் வில்லியும் 1862-இல் பதினோரு வயதில் காய்ச்சல் கண்டு அங்கேதான் இறந்தான்; துயரம் தாங்காத தாய் ஆவியுடன் பேசும் கூட்டங்களை அந்த மாளிகைக்குள்ளேயே நடத்தினார். இருந்தும், அங்கே இறந்த இரண்டு அதிபர்களைப் பற்றி விருந்தாளிகள் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. வெளியே இறந்தவர், தாம் தூங்காத அறையில், தமக்குப் பின் பல தலைமுறை கழித்து வைக்கப்பட்ட கட்டிலருகே தோன்றுகிறார். சாவு நடந்த இடத்தைப் பேய்க்கதை தேடிப் போகவில்லை, புகழ் இருக்கும் இடத்தைத்தான் தேடிப் போயிருக்கிறது என்று நான் முடிவு செய்வதற்கு இதுவே காரணம்.

சர்ச்சில் கதையை எடுத்துக்கொள்வோம். 1941 டிசம்பரில் அவர் வெள்ளை மாளிகையில் விருந்தாளியாகத் தங்கியது வரலாறு. குளித்துவிட்டு ஆடையின்றிச் சுருட்டோடு அறைக்குள் வந்தவர், கணப்பருகே லிங்கன் நிற்பதைக் கண்டு, நான் இந்தக் கோலத்தில் இருக்கும்போது வந்துவிட்டீர்களே என்ற பொருளில் ஏதோ சொன்னார், லிங்கனும் புன்னகைத்து மறைந்தார் என்பது கதை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்பவர்கள் யாரும் அந்த நாள்களில் எழுதப்பட்ட ஒரு கடிதத்தையோ நாட்குறிப்பையோ காட்டுவதில்லை. அதே சமயம், அதே வருகையை ஒட்டி வேறொரு கதை வழங்குகிறது: அதிபர் ரூஸ்வெல்ட் அறைக்குள் வந்தபோது சர்ச்சில் குளித்த ஈரத்தோடு நின்றாராம், அமெரிக்க அதிபரிடம் மறைப்பதற்கு பிரிட்டிஷ் பிரதமருக்கு ஒன்றுமில்லை என்றாராம். அதையே சர்ச்சில் பிற்காலத்தில் மறுத்திருக்கிறார், இடுப்பில் துண்டாவது இருந்தது என்று. இரண்டு கதைகளிலும் குளியல், நிர்வாணம், சர்ச்சிலின் வாய்ச்சமர்த்து, எதிரே ஓர் அதிபர். உயிரோடிருந்த அதிபரின் இடத்தில் இறந்துபோன அதிபரை யாரோ நிறுத்திவிட்டார்கள் என்பது என் ஊகம். ஊகம் என்ற அளவிலேயே இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கதைகள் இப்படித்தான் ஒன்றிலிருந்து ஒன்று கிளைக்கும், நம் ஊர்த் திண்ணைகளில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல.

வில்ஹெல்மினா 1942-இல் அங்கே தங்கியது உண்மை. நள்ளிரவில் கதவு தட்டப்பட்டுத் திறந்தபோது லிங்கனைக் கண்டு மயங்கி விழுந்தார் என்பது பிறர் வாய்வழி வந்தது. அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட், லிங்கன் படுக்கையறை என்று சொல்லப்படும் அந்த அறையைத் தம் எழுத்து வேலைக்குப் பயன்படுத்தியவர். எதையும் பார்த்ததாக அவர் சொல்லவில்லை, யாரோ இருப்பதுபோன்ற உணர்வு சில நேரம் வந்ததாக மட்டும் சொன்னார். இந்த அளவோடு நின்ற அவர் நேர்மையை நான் மதிக்கிறேன். இவற்றைவிட எனக்குச் சுவையாகப் படுவது 1911-ஆம் ஆண்டுச் செய்தி. டாஃப்ட் அதிபராக இருந்தபோது அவருடைய இராணுவ உதவியாளர் ஆர்ச்சி பட் உறவினருக்கு எழுதிய கடிதத்தில், மாளிகைப் பணியாளர்கள் ஒரு சிறுவனின் ஆவிக்குப் பயந்து கிடப்பதையும், செய்தி வெளியே போனால் தொலைத்துவிடுவேன் என்று அதிபர் சீறியதையும் விவரித்திருக்கிறார். பேச்சு நடந்த நாள்களிலேயே எழுதப்பட்டது என்பதால் சர்ச்சில் கதையைவிட இது பல மடங்கு வலுவான பதிவு. ஆனால் அந்தச் சிறுவனைப் பற்றி இன்று எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? பெயரில்லாத பிள்ளை, பார்த்தவர்கள் வேலைக்காரர்கள். அதனால் ஊர் வாயில் நிற்கவில்லை. பெரிய மனிதர்கள் பார்த்ததால் கதை உறுதியாகிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். பெரிய மனிதர்களின் பெயர் ஒட்டிக்கொண்ட கதைகள்தான் நம் காதுக்கு வந்து சேர்கின்றன என்பதே உண்மைக்கு நெருக்கமானது.

கட்டடக்காரன் என்ற முறையில் என்னை நிறுத்தி வைத்தது ட்ரூமன் விவகாரம். 1945 ஜூனில் ஊருக்குப் போயிருந்த மனைவி பெஸ்ஸுக்கு அவர் எழுதிய கடிதத்தில், இந்தப் பழைய வீட்டில் உட்கார்ந்து வெளிநாட்டு விவகாரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பேய்கள் நடைகூடத்தில் போவதும் வருவதும் கேட்டுக்கொண்டே இருக்கிறது, தரை படபடக்கிறது, திரைச்சீலைகள் ஆடுகின்றன என்று வேடிக்கையாக எழுதியிருக்கிறார். மறு வருடம் இன்னொரு கடிதத்தில், விடியற்காலை நான்கு மணியளவில் கதவு மூன்று முறை தட்டப்பட்டதையும், எழுந்து திறந்தால் ஆளில்லை என்பதையும், பக்கத்து அறைக்குள் காலடிச் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால் அங்கேயும் யாருமில்லை என்பதையும் சொல்கிறார். கேட்டவரே, கேட்ட கையோடு, தம் எழுத்தில் வைத்த சாட்சியம் இது. ஆகவே சத்தம் கேட்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பிறகு நடந்ததுதான் முக்கியம். 1948-இல் மகள் மார்கரெட்டின் பியானோவின் கால் தரையைப் பொத்துக்கொண்டு கீழே இறங்கியது. பொறியாளர்கள் வந்து தரையையும் சுவரையும் திறந்து பார்த்தபோது, தண்ணீர்க் குழாய்க்கும் விளக்குக் கம்பிக்கும் வழிவிடுவதற்காக ஒவ்வொரு காலத்திலும் மர உத்திரங்களைக் கண்ட இடத்தில் வெட்டியிருந்தார்கள். 1927-இல் மேலே ஏற்றிய மாடியின் பளு வேறு பழைய சுவர்களை அழுத்திக்கொண்டிருந்தது. 1814-இல் பிரிட்டிஷ் படை தீ வைத்த பிறகு திரும்பக் கட்டிய வீடு, ஏறக்குறைய பழக்கத்தினால் மட்டுமே நின்றுகொண்டிருந்தது எனலாம். 1948 நவம்பரில் ட்ரூமன் குடும்பம் எதிர்ப்புறத்து பிளேர் மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. வெளிக் கற்சுவர்களை மட்டும் நிறுத்திக்கொண்டு உள்ளே இருந்த அத்தனையையும் அகற்றி, எஃகுச் சட்டம் எழுப்பிப் புதிதாகக் கட்டி, 1952 மார்ச்சில்தான் திரும்பினார்கள். தரை படபடக்கிறது, திரை ஆடுகிறது, யாரோ நடக்கிறார்கள் என்று ட்ரூமன் எழுதியபோது அந்த வீடு தன் உத்திரங்கள் விட்டுக்கொடுப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தட்டலுக்கும் ஒவ்வொரு உத்திரத்தைக் காட்ட என்னால் முடியாது. ஆனால் இரவில் சத்தம் போடும் பழைய வீட்டை முதலில் பொறியாளர்தான் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு என்னிடம் இல்லை. இன்னொன்று: 1952-க்குப் பிறகு லிங்கனை அந்த அறையில் கண்டதாகச் சொன்னவர்கள், அவர் கால் படாத தரையின்மேல் அவரைக் கண்டிருக்கிறார்கள்.

தோக்கியோவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1929-இல் கட்டிய அந்தப் பிரதமர் இல்லத்தில் 1932 மே 15 அன்று பிரதமர் இனுகாயைக் கடற்படை இளம் அதிகாரிகள் சுட்டுக் கொன்றார்கள். 1936 பிப்ரவரி 26 கலகத்தில் பிரதமர் ஒகாதா ஒளிந்து தப்ப, அவர் என்று எண்ணி அவருடைய மைத்துனரைக் கொன்றார்கள். ஆக, இங்கே இரத்தம் சிந்தியது மெய். 2013-இல் பிரதமர் அபேயின் அரசு எழுத்தில் கொடுத்த பதில், அப்படி எதுவும் அரசின் கவனத்துக்கு வரவில்லை என்பதே. நாடாளுமன்ற உறுப்பினர் கேள்வி கேட்டால் அமைச்சரவை பதில் சொல்லியாக வேண்டும் என்பது அங்குள்ள முறை; பதில் வந்ததையே ஒப்புதலாக நினைக்க வேண்டாம். 2021 இறுதியில் குடியேறிய அப்போதைய பிரதமர் கிஷிதா, இதுவரை ஒன்றும் தென்படவில்லை என்று செய்தியாளர்களிடம் சிரித்தபடி சொல்லிவிட்டுப் போனார். நம் நாட்டிலேயே கல்கத்தா அலிப்பூரில் வாரன் ஹேஸ்டிங்ஸ் வசித்த மாளிகைக்கு அவர் இரவில் குதிரை வண்டியில் வந்து எதையோ தேடுவதாகச் சொல்வார்கள். அவர் 1785-இல் இந்தியாவை விட்டுப் போய் 1818-இல் இங்கிலாந்தில் இறந்தவர். லிங்கனுக்குச் சொன்னதையே இவருக்கும் சொல்ல வேண்டும்.

இனி உங்கள் வீடு. அதன் அமைப்பை நீங்கள் எழுதியதிலிருந்து ஊகிக்கிறேன்: முகப்பு, வளவு (முற்றத்தைச் சுற்றிய கூடம்), இரண்டாம் கட்டு, பின்தெருவரை நேர்க்கோட்டில் வாசல்கள், முகப்பின்மேல் மாடி, அங்கே பர்மாத் தேக்கு உத்திரமும் பலகையும், சில இடங்களில் இரும்பு உத்திரமும். தேக்கு மற்ற மரங்களைவிட அசைவு குறைந்தது, அசைவே இல்லாதது அல்ல. ஈரம் ஏறினால் அகலவாக்கில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். இரும்பு சூட்டில் நீளும்: ஆறு மீட்டர் நீளமுள்ள உத்திரத்தின் வெப்பம் பதினைந்து டிகிரி இறங்கினால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் குறுகும். அந்த ஒரு மில்லிமீட்டரும் மெதுவாக நழுவாது. சுவரில் பதிந்த முனையில் பிடித்துக்கொண்டே இருந்து, பிடி தாங்காதபோது சட்டென்று விடும். அந்த விடுதல்தான் சத்தம். வளவும் முற்றமும் மூடிய கதவுகளுமாக இருக்கும் ஆளற்ற வீட்டில், கீழே படுத்திருப்பவருக்கு அது பல மடங்கு பெரிதாகக் கேட்கும். வீடு நிறைய ஆட்கள் இருந்த காலத்திலும் இதே சத்தம் இருந்திருக்கும். உரலும் உலக்கையும் பிள்ளைகளுமாக இருந்த வீட்டில் யார் அதைக் கேட்டிருப்பார்கள்?

தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் இதே புகாருக்காகத் தச்சர் ஒருவரோடு மாடிக்கூடத்தில் இரவு தங்கியிருக்கிறேன். சன்னல்கள் மேற்கே இருந்தன. இருட்டி வெகுநேரம் கழித்து முதல் சத்தம் சன்னலோரத்துப் பலகையிலிருந்து வந்தது. சற்றுப் பொறுத்து அதற்கு அடுத்ததிலிருந்து. பிறகு கூடத்தின் நடுவிலிருந்து. காற்றுப் படும் ஓரம் முதலில் குளிர்ந்து, குளிர்ச்சி உள்ளே போகப் போகப் பலகைகள் வரிசையாக விட்டன. கீழே இருப்பவர் காதுக்கு அது ஒருவர் சன்னலிலிருந்து மாடிப்படியை நோக்கி நடந்து வருவதேதான். தச்சர் படுக்குமுன் கூடத்தின் குறுக்கே கோலப்பொடியைத் தூவி வைத்திருந்தார். விடிந்து பார்த்தபோது பொடி கலையவில்லை. அந்த வீட்டுக்காரர் பொடியைப் பார்த்துத் திருப்தி அடைந்தாரா, பேய்க்குக் கால் தரையில் படாது என்பதை நினைத்துக்கொண்டாரா என்று நான் கேட்கவில்லை.

கோலப்பொடி இன்னொன்றுக்கும் உதவும். நம் பக்கத்து ஓட்டுக்கூரைகளில் மரநாய் குடியிருப்பது சாதாரணம். ஐந்து விரல் பதிந்த சிறு தடமும், பழக்கொட்டைகளோடு கிடக்கும் எச்சமும் அதைக் காட்டிக்கொடுக்கும். அதன் நடை கனமாக, நின்று நின்று கேட்கும். கூகை என்ற ஆந்தை இருந்தால் தரையில் கட்டைவிரல் பருமனில், உலர்ந்த கரிய உருண்டைகள் கிடக்கும். உடைத்துப் பாருங்கள், எலி மயிரும் சின்னஞ்சிறு எலும்புகளும் இருக்கும். இரவில் அது போடும் கீச்சலைக் கேட்டுவிட்டு மனிதக் குரல் என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு, அவர்கள்மேல் தவறில்லை. வாசல்கள் நேர்க்கோட்டில் இருப்பதால், பின்கட்டுக் கதவு ஒன்று சரியாகத் தாழிடாமல் இருந்தாலும் காற்றழுத்தம் மாறி முகப்புப் பக்கத்துக் கதவு அசையும். கீல்களுக்கு எண்ணெய் போட்டுத் தாழ்ப்பாள்களைச் சரிபார்ப்பது அரை நாள் வேலை.

மனிதர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே உடல் அசையாமல் போய், யாரோ மார்பின்மேல் உட்கார்ந்திருப்பதுபோலத் தோன்றுவதை அமுக்குவான் பேய் என்பார்கள். மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட நிலை அது. துணையை இழந்தவர்களுக்கு இறந்தவர் அருகில் இருப்பதாகத் தோன்றுவதும் நோயல்ல. வேல்ஸில் மருத்துவர் டெவி ரீஸ் 1971-இல் வெளியிட்ட ஆய்வில், துணையை இழந்த 293 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேர் அப்படி உணர்ந்ததாகச் சொன்னார்கள். பழுதான கணப்பிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு ஒரு குடும்பத்துக்குப் பேய்வீட்டு அனுபவத்தைக் கொடுத்ததை அமெரிக்க மருத்துவர் வில்மர் 1921-இல் பதிவு செய்தார். நம் வீடுகளில் கணப்பு இல்லை, ஆனால் விசேஷ நாள்களில் ஜெனரேட்டரை உள்கட்டில் வைத்து ஓட்டும் வழக்கம் இருக்கிறது. அதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள், பேயைவிட அது ஆபத்து. காதுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வுதான் பேய்த் தோற்றங்களுக்கு மூலம் என்று ஒரு கருத்து 1998-இலிருந்து பரவலாகப் பேசப்படுகிறது. அதைச் சோதித்தபோது கிடைத்த முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. நான் அதை நிரூபணமான செய்தியாகச் சொல்வதில்லை.

பரிகார பூசை ஒன்று செய்துவிடலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். அது உங்கள் குடும்பத்தின் முடிவு. படைப்பு என்று வருடங்கள் கழித்தாவது கூடி, வீட்டில் வாழ்ந்து போனவர்களுக்குத் துணியும் சோறும் வைத்துக் கும்பிடும் குடும்பத்துக்கு, மாடியில் இருப்பவர் யாராக இருந்தாலும் அந்நியராக இருக்க மாட்டார் என்று மட்டும் எனக்குத் தோன்றுகிறது. உங்கள் அப்பத்தா இருந்தால் இதையே சொல்லியிருப்பார். செய்தாலும் செய்யாவிட்டாலும், அதற்கு முன் ஒரு தச்சரையும் பழைய சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரையும் பகலில் மாடிக்கு அனுப்பி, உத்திரங்கள் சுவருக்குள் போகும் முனைகளைக் கத்தி நுனியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நுனி மெத்தென்று இறங்கினால் அங்கே கரையானோ ஊறலோ இருக்கிறது என்று அர்த்தம். அப்படி இருந்தால் தைக்கு முன் அந்தப் பகுதிக்கு முட்டுக் கொடுக்காமல் மாடியில் யாரையும் படுக்கவைக்க வேண்டாம், பிள்ளைகளை ஓடவிடவும் வேண்டாம். காவல்காரரிடம் சத்தம் கேட்கும் நேரத்தையும் பக்கத்தையும் ஒரு நோட்டில் குறித்துவரச் சொல்லுங்கள். வெயில் அடித்த நாளா, மழை நாளா என்பதையும் அவர் எழுதட்டும். அந்தக் குறிப்பையும் உத்திர முனைகளின் படத்தையும் இங்கே போட்டால் மேற்கொண்டு சொல்கிறேன். ஓடு மாற்ற வேண்டியிருந்தால் ஐப்பசி மழை பிடிப்பதற்குள் மாற்றிவிடுங்கள்.